பிளாஸ்டிக் குழாயில் ஒளிந்திருந்த போலி ஹார்மோன்!

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும் பொதுவாக ஒரு தடைச் சட்டம் வந்திருக்கிறது. உணவு படும் டப்பா, பாட்டில், பாத்திரம் ஆகியவற்றைச் செய்வதற்கு "பிஸ்பினால்-ஏ" என்ற ரசாயனத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பதே அந்தச் சட்டம்.

2025 ஜனவரி 20-ந் தேதி அது அமுலுக்கு வந்தது. கம்பெனிகள் மாறிக்கொள்வதற்காகப் பெரும்பாலான பொருள்களுக்கு 18 மாதமும், சிலவற்றுக்கு 36 மாதமும் தவணை கொடுக்கப்பட்டது.

பல ஆண்டுகளாக வீடுகளில் புழங்கிய பொருளுக்கு இப்போது ஏன் தடை?

கள்ளச் சாவி

மனித உடம்பில் நாளமில்லாச் சுரப்பிகள் இருக்கின்றன. கழுத்தில் உள்ள தைராய்டு அவற்றில் ஒன்று. பெண்களின் சூல்பையும், ஆண்களின் விரையும் அந்த வகைதான்.

இவை சுரப்பதுதான் ஹார்மோன். அது ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் போகிறது. குழந்தை வளர்வதும், பெண் பூப்படைவதும், கரு தரிப்பதும் அதனால்தான்.

ஹார்மோன் ஒரு சாவி. உடம்பின் நுண்ணறைகளில் அதற்கென்று பூட்டுகள் உண்டு. சாவி போட்டால்தான் வேலை நடக்கும்.

சில ரசாயனங்கள் கள்ளச் சாவியைப் போன்றவை. உடம்பு கேட்காத நேரத்தில் பூட்டைத் திறந்து விடுகின்றன!

வளராத செல்கள் வளர்ந்தன!

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் டப்ட்ஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஆராய்ச்சி செய்தவர் டாக்டர் அனா சோட்டோ அம்மையார். அர்ஜென்டினா நாட்டில் மருத்துவம் படித்தவர். அவருடன் சேர்ந்து உழைத்தவர் டாக்டர் கார்லோஸ் சோனன்ஷைன்.

மார்பகப் புற்றுநோய் செல்களை அவர்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்கள். "ஈஸ்ட்ரோஜன்" என்ற பெண் ஹார்மோனைச் சேர்த்தால் அந்தச் செல்கள் பெருகும். சேர்க்காவிட்டால் பெருகாது.

1980-களின் பிற்பகுதியில் ஒரு நாள், ஈஸ்ட்ரோஜன் சேர்க்காத செல்களும் மளமளவென்று பெருகியிருந்தன!

யாராவது கை தவறி ஹார்மோனைக் கொட்டிவிட்டார்களா? ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். கடைசியில் குற்றவாளி அகப்பட்டது. ஊனீரை வைத்திருந்த பிளாஸ்டிக் குழாய்தான் அது!

குழாய் செய்யும் கலவையைக் கம்பெனி மாற்றியிருந்தது. என்ன சேர்த்தீர்கள் என்று கேட்டதற்கு, அது வியாபார ரகசியம் என்று பதில் வந்தது.

டாக்டர்கள் விடவில்லை. குழாயிலிருந்து கசிந்த பொருளைத் தாங்களே பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் நோனைல்பினால். 1991-ஆம் ஆண்டில் இதை உலகுக்கு அறிவித்தார்கள்.

பழைய எச்சரிக்கை

பிஸ்பினால்-ஏ கதையும் இதைப் போன்றதே. அது பெண் ஹார்மோனைப் போல வேலை செய்யும் என்று இங்கிலாந்தில் சார்லஸ் டாட்ஸ் என்பவர் 1936-லேயே கண்டுபிடித்தார். ஆனாலும் 1950-களிலிருந்து அதைக் கொண்டு கெட்டியான பிளாஸ்டிக்கும், தகர டப்பாவின் உட்பூச்சும் செய்தார்கள்.

அனா சோட்டோ குழுவினர் கருவுற்ற சுண்டெலிகளுக்கு அதை மிகச் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். பிறந்த பெண் குட்டிகளின் பால் சுரப்பி வளர்ச்சி மாறியிருந்தது. தாய்க்குக் கொடுத்தது குட்டியைத் தொட்டுவிட்டது!

டாக்டர்களுக்குள் வாதம்

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் ஒரு முடிவு சொன்னது. முன்பு ஏற்கத்தக்கது என்று 2015-ல் சொன்ன அளவை, 20,000 மடங்கு குறைத்துவிட்டது! புதிய அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாள் ஒன்றுக்கு 0.2 நானோகிராம். ஒரு கிராமை 500 கோடிப் பங்கு போட்டால் கிடைக்கும் ஒரு பங்குதான் அது.

இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஜெர்மனியின் அரசாங்க ஆராய்ச்சி நிலையம், இதைப் போல 1,000 மடங்கு இருந்தாலும் பாதகமில்லை என்றது. எலிக்கு நேர்வது மனிதருக்கும் நேருமா என்பதே வாதம்.

சந்தேகம் தீரும் வரை ஜனங்கள் சாப்பிடலாமா, அல்லது காத்திருக்க வேண்டியது கம்பெனியா? ஐரோப்பா, காத்திருக்க வேண்டியது கம்பெனிதான் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

இனி என்ன?

தடையோடு கதை முடியவில்லை. ஒன்றை எடுத்துவிட்டு அதன் தம்பியைப் போடும் வழக்கமும் உண்டு. "பிஸ்பினால்-எஸ்" அப்படி வந்ததுதான். அதுவும் கள்ளச் சாவி வேலை செய்வதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. "பிஸ்பினால்-ஏ இல்லை" என்ற சீட்டை மட்டும் பார்த்து நம்பிவிட முடியாது.

இந்தியாவில் குழந்தைகளின் பால் புட்டியைப் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் செய்யக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் தர விதி சொல்கிறது.

சூடு பட்டால் பிளாஸ்டிக்கிலிருந்து கசிவு அதிகமாகும். கொதிக்கும் பாலையும் குழம்பையும் அதில் ஊற்றாமல் இருப்பது நல்லது. எவர்சில்வர் பாத்திரமும் கண்ணாடியும் இருக்கவே இருக்கின்றன. கர்ப்பிணிகளும், கைக்குழந்தை உள்ள வீட்டாரும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.