பெயர் வைக்காத போர்கள்

ஒரு சேரியைக் கொளுத்தினால் மறுநாள் பத்திரிகையில் ‘சம்பவம்’ என்று வரும். ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்று வரும். போலீஸ் வந்து சுட்டால் ‘சட்டம் ஒழுங்கு நடவடிக்கை’. கொளுத்தியவன் யார், கொளுத்தச் சொன்னவன் யார் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே புதைந்துபோகும். நமக்கு இது பழகிப்போன விஷயம். ஆனா, அரசுகள் அடுத்த நாட்டுக்குள் படையோடு நுழையும்போதும் இதே வேலையைத்தான் செய்கின்றன. உலக அரசியல்னா அது மேல்சாதி அறிவுஜீவிகளின் சமாச்சாரம் என்று நம் தோழர்கள் பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஒதுங்கக் கூடாது. அந்த மொழியை நம்மைவிட நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் யார்?

1937 ஜூலையில் ஜப்பான் சீனாவோடு முழுப் போரில் இறங்கியது. ஷாங்காய் விழுந்தது, நான்ஜிங் விழுந்தது. நான்ஜிங்கில் நடந்த படுகொலையும் வன்புணர்ச்சிகளும் உலகம் அறிந்தவை. ஆனால் ஜப்பான் போர் என்று அறிவிக்கவில்லை. அது வைத்த பெயர் ‘சீனச் சம்பவம்’. (ஆமாம், சம்பவம்தான்!) அறிவித்தால் என்ன நஷ்டம்? அமெரிக்காவில் அப்போது நடுநிலைச் சட்டம் ஒன்று இருந்தது. போர் நடப்பதாக அந்நாட்டு ஜனாதிபதி ஒப்புக்கொண்டால் இரண்டு தரப்புக்கும் ஆயுத விற்பனை நிற்கும், கடன் நிற்கும், மற்ற சரக்குக்கும் கட்டுப்பாடு வரும். ஜப்பானுக்கோ அமெரிக்க எண்ணெயும் பழைய இரும்பும் வேண்டும். அடி வாங்கிய சீனாவும் 1941 டிசம்பர் வரை முறைப்படி அறிவிக்கவில்லை, அதற்கும் வெளியிலிருந்து ஆயுதம் வர வேண்டியிருந்தது. ரூஸ்வெல்ட்டும் கண்டுகொள்ளவில்லை. ஆக நாலு வருஷத்துக்கு மேல் லட்சம் லட்சமாகச் செத்தார்கள், காகிதத்தில் போரே இல்லாமல்.

1945-இல் வந்த ஐ.நா. சாசனம் அடுத்த நாட்டின் மீது படைபலத்தைப் பயன்படுத்துவதையே தடை செய்தது. அதற்குப் பிறகு போரை அறிவிப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது மாதிரி ஆகிவிட்டது. எல்லாரும் ‘தற்காப்பு’க்கு மாறினார்கள். ஆனால் சர்வதேசச் சட்டத்தை மட்டும் காரணமாகச் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி சொந்த நாட்டு மக்கள் மீதுள்ள பயம்.

அமெரிக்க அரசியல் சட்டப்படி போரை அறிவிக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு மட்டுமே உண்டு. கடைசியாக அது அறிவித்தது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. அதன்பின் கொரியா, வியட்நாம், ஆப்கானிஸ்தான், ஈராக் எதுவும் அறிவிக்கப்பட்ட போர் அல்ல. 1950-இல் கொரியாவைப் பற்றி ஒரு நிருபர், ‘போலீஸ் நடவடிக்கை என்று சொல்லலாமா?’ என்று கேட்டார். ட்ரூமன் ஆமாம் என்றுவிட்டார். அந்தப் போலீஸ் நடவடிக்கையில் அமெரிக்கர்கள் மட்டும் 33,000 பேருக்கு மேல் சண்டையில் செத்தார்கள். செத்த கொரியர்கள் பல லட்சம். இரண்டு வருஷம் முந்தி, 1948 செப்டம்பரில், இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் போனதற்கும் இதே பெயர்தான். அங்கே நடந்த கொலைகளைப் பற்றிய சுந்தர்லால் குழு அறிக்கை பல பத்தாண்டுகள் வெளியே வரவில்லை.

வியட்நாமுக்கு வருவோம். 1964 ஆகஸ்ட் 7-இல் டோன்கின் வளைகுடாத் தீர்மானம் நிறைவேறியது. கீழவையில் 416-க்கு 0. செனட்டில் 88-க்கு 2, எதிர்த்தவர்கள் மோர்ஸும் க்ரூனிங்கும். ஆகஸ்ட் 4-இல் நடந்ததாகச் சொன்ன தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பிறகு நிரூபணமானது. அந்த ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு ஜான்சன் லட்சக்கணக்கான துருப்புகளை அனுப்பினார். 1965 மே மாதம் 70 கோடி டாலர் கூடுதலாகக் கேட்டார், ரெண்டே நாளில் கிடைத்தது. நான் வேலை பார்க்கும் வங்கியில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையை அதில் போட்டு வைப்போம். அங்கேகூட ஆடிட்டர் வந்து, ‘இது இன்னும் ஏன் கிடக்குது?’ன்னு கேட்பார். வியட்நாம் கணக்கைக் கேட்க ஆளில்லை.

1965 ஜூலை 28-இல் ஜான்சன் எடுத்த முடிவுதான் என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரத்தின் மர்மமுடிச்சு. துருப்புகளை 75,000-இலிருந்து 1,25,000 ஆக்கினார். மாதாமாதம் கட்டாயமாகப் படைக்குப் பிடிக்கும் எண்ணிக்கையை 17,000-இலிருந்து 35,000 ஆக்கினார். ஆனால் ரிசர்வ் படையைக் கூப்பிடவில்லை, அவசரநிலை அறிவிக்கவில்லை. கூப்பிட்டிருந்தால் கடை வைத்திருந்தவன், வக்கீல், உத்தியோகஸ்தன் வீட்டுக் கதவெல்லாம் தட்டப்பட்டிருக்கும். அந்த வீடுகள் எதற்கு என்று கேட்டிருக்கும். கல்லூரியில் படிப்பவனுக்குத் தள்ளிவைப்புச் சலுகை. செல்வாக்குள்ளவன் பிள்ளைக்கு நேஷனல் கார்டில் ஒளிய இடம். மிச்சம் யார்? 1966-இல் மக்நமாரா ‘ஒரு லட்சம்’ திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். எழுத்துத் தேர்வில் தேறாதவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே போனவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல், அதில் சுமார் 40 சதவீதம் கறுப்பர்கள். கறுப்பர் மக்கள்தொகையோ 11 சதவீதம்தான். 1965, 66-இல் களத்தில் செத்தவர்களில் 20 சதவீதத்துக்கு மேல் அவர்கள். கூச்சல் எழுந்தபின்தான் அது குறைந்தது. கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்களைக் கேட்காமல் இருப்பதற்கும், கேட்கத் திராணியில்லாதவன் தலையில் செலவைக் கட்டுவதற்கும்தான் போர் அறிவிக்கப்படாமல் இருக்கிறது.

கேட்டவர்கள் இல்லாமலில்லை. 1966 ஜூனில் டெக்சாஸ் ஃபோர்ட் ஹூட் முகாமைச் சேர்ந்த மூன்று சிப்பாய்கள், ஒரு கறுப்பர், ஒரு போர்ட்டோ ரிக்கர், ஒரு வெள்ளையர், அறிவிக்காத போருக்குப் போகமாட்டோம் என்றார்கள். ராணுவ நீதிமன்றம் சிறையில் தள்ளியது. ‘மோரா எதிர் மக்நமாரா’ வழக்கு 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. விசாரிக்கவே மறுத்துவிட்டார்கள். விசாரித்தாக வேண்டும் என்று எழுதியவர்கள் இரண்டே நீதிபதிகள், ஸ்டூவர்ட், டக்ளஸ். போரா இல்லையா என்று சொல்லக்கூட நீதிமன்றத்துக்கு வாய் வரவில்லை.

ரஷ்யாவில் அந்த வாயையே சட்டம் போட்டு அடைத்தார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைனுக்குள் புகுந்ததன் பெயர் ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’. மாஸ்கோவில் கோரினோவ் என்ற உள்ளாட்சி உறுப்பினர், குழந்தைகளுக்கான ஓவியப் போட்டி பற்றிய கூட்டத்தில், உக்ரைனில் குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கும்போது போட்டி எதற்கு என்றார், அதைப் போர் என்றார். ஏழு வருஷம் தண்டனை. அந்த ‘நடவடிக்கை’க்கு ஆள் போதாதபோது சிறைகளிலிருந்து கைதிகளைக் கூட்டிப்போனார்கள் என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.

இப்ப நம்ம கதை. கறுஞ்சிறுத்தைகள் 1966-இல் வைத்த பத்து அம்சத் திட்டத்தில், கறுப்பர்களுக்கு ராணுவச் சேவையிலிருந்து விலக்கு வேண்டும் என்பதும் ஒன்று. 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. ஆனால் நம் வரலாறு வேறு. 1890-களில் வெள்ளையன் ‘போர்க்குடி’ என்று கணக்குப் போட்டு மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தினான். சுபேதார் மகனான அம்பேத்கர் அந்தக் கதவைத் திறக்கப் போராடினார். 1941-இல் மகர் படைப்பிரிவு வந்தது, பின்னால் மற்ற சாதியினரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். கறுப்பன் போகமாட்டேன் என்றான், நாம் சேர்த்துக்கொள் என்றோம். இரண்டும் நியாயம். சம்பளம், பூட்ஸ், துப்பாக்கி இவை மறுக்கப்பட்டவனிடம் போய், பட்டாளத்தில் சேராதே என்று சமாதான உபதேசம் செய்கிறவனை நான் நம்புவதில்லை.

ஆனால் சேர்ந்தபின் எங்கே அனுப்புகிறார்கள்? 1987 ஜூலை ஒப்பந்தத்துக்குப் பிறகு ஈழத்துக்குப் போன இந்தியப் படைக்கு ‘அமைதி காக்கும் படை’ என்று பெயர். அக்டோபரில் அது புலிகளோடு முழுப் போரில் இறங்கியது. அந்த மாதமே யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்சுகளையும் சுட்டது. 1990 மார்ச்சில் திரும்பும்வரை இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 1,200 பேர் செத்தார்கள். மகர் படைப்பிரிவின் எட்டாவது பட்டாலியனும் அங்கே போயிருந்தது. போர் என்று யாரும் அறிவிக்கவில்லை. ‘இது என்ன அமைதி?’ என்று தமிழ்த் தேசிய நண்பர்கள் கேட்டார்கள். சரியாகத்தான் கேட்டார்கள். அதே ஆட்கள் சேரி எரியும்போது ‘இரு தரப்பு மோதல்’ என்று கூசாமல் எழுதுகிறார்களே, அப்போது மட்டும் அந்த மூளை எங்கே போகிறது?

நம் அரசியல் சட்டத்தில் ‘போரும் சமாதானமும்’ மத்திய அரசுப் பட்டியலில் ஒரு வரி. படையை வெளிநாட்டுக்கு அனுப்புமுன் நாடாளுமன்றம் வாக்களித்தாக வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. எந்த நாட்டுக்கு, யாருக்கு எதிராக, எத்தனை நாளுக்கு என்று எழுதி, ஒவ்வொரு உறுப்பினரும் கையைத் தூக்கியபிறகுதான் சிப்பாயைக் கப்பலேற்ற வேண்டும் என்று ஒரு திருத்தம் கேட்க வேண்டும். தனித்தொகுதியில் ஜெயித்துப் போய் உட்கார்ந்திருக்கும் நம் உறுப்பினர்களிடமிருந்தே இதை ஆரம்பிக்கலாம்.