சாளரத்திற் கண்ட விந்தை

குளக்கரையில் நின்று நீரை நோக்கும்போது, வானொளி நீர்ப்பரப்பிலே தெறித்துக் கண்ணைக் கூசச் செய்வதை நாம் அனைவரும் அறிவோம். அவ்வாறு தெறித்துவரும் ஒளி, இயல்பில் மாற்றமடைந்தே வருகின்றது. இதனை முதன்முதலிற் கண்டறிந்தவர் ஒரு படைப் பொறியியலாளர்.

எத்தியன் லூயி மாலுஸ் என்பது அவர் பெயர். நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்பிற் கலந்து, கொள்ளைநோயால் வருந்தி, 1801ஆம் ஆண்டில் தாய்நாடு மீண்டவர். 1808ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை, பாரிஸ் நகரிலே தம் இல்லத்திலிருந்து பார்த்தபோது, லக்சம்பேர்க் மாளிகையின் சாளரங்களில் அந்திச் சூரியன் ஒளிரக் கண்டார். அவர் கையில் ஐஸ்லாந்துப் படிகம் ஒன்று இருந்தது. அதனூடாகப் பார்த்தால் எப்பொருளும் இரண்டாகத் தோன்றும். மாலுஸும் இரு விம்பங்களைக் கண்டார். ஆனால், படிகத்தைச் சுழற்றியபோது ஒன்று மங்கிற்று. மேலும் சுழற்ற, மற்றையது மங்கிற்று. சூரியனிலிருந்து நேரே வரும் ஒளியில் இவ்வாறு நிகழ்வதில்லை. அன்றிரவே மெழுகுதிரி ஒளியை நீரிலும் கண்ணாடியிலும் தெறிக்கச் செய்து, தம் ஐயத்தைத் தீர்த்துக்கொண்டார் என்பர்.

இதற்குக் காரணம் யாது? ஒளி, தான் செல்லும் திசைக்குக் குறுக்கே அதிரும் அலை. சாதாரண ஒளியில் இவ்வதிர்வுகள் எல்லாப் பக்கமும் நிகழும். ஒளி நீரிற் சாய்வாகப் பட்டால், ஒரு பகுதி முறிந்து உட்செல்லும். அது நீரிலுள்ள இலத்திரன்களை அதிரச் செய்யும். அவையே தெறிகதிரை எழுப்புகின்றன. எந்த இலத்திரனும் தான் அதிரும் திசையில் ஒளி வீசுவதில்லை. ஆகவே, முறிகதிரும் தெறிகதிரும் செங்கோணத்தில் அமையும்போது, நீர்ப்பரப்புக்குச் சமாந்தரமான அதிர்வு மட்டுமே தெறிகதிரில் எஞ்சும். இதுவே முனைவாக்கம். செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்தால், படுகோணம் நீருக்கு ஏறத்தாழ 53 பாகை. கண்ணாடிக்கு 56 பாகை. இக்கோணத்திற்கான விதியை டேவிட் புரூஸ்டர் 1815ஆம் ஆண்டில் வகுத்தார்.

மாணவர்களே, முனைவாக்கக் கறுப்புக் கண்ணாடி கிடைத்தால், தட்டு நீரில் விளக்கின் விம்பத்தைச் சாய்வாக நோக்கிக் கண்ணாடியைச் சுழற்றிப் பாருங்கள். விம்பம் மங்கித் துலங்கும். சூரியனின் விம்பத்தை மட்டும் நோக்க வேண்டாம். கண்ணுக்குத் தீங்கு நேரும்.

பிரான்சும் பிரித்தானியாவும் போர்புரிந்த 1810ஆம் ஆண்டிலேயே, இலண்டன் றோயற் கழகம் மாலுஸுக்கு ரம்போர்ட் பதக்கம் வழங்கிற்று. 1812இல், முப்பத்தாறாம் வயதில், அவர் மறைந்தார். ஒளி துகள்களால் ஆயது என்றே அவர் இறுதிவரை கருதினார். அவர் கண்ட உண்மையோ, ஒளி குறுக்கலை என்பதை நிலைநாட்டப் பின்வந்தோர்க்குச் சான்றாயிற்று. கருத்துப் பிழைத்தாலும், கூர்ந்து கண்ட காட்சி பிழைப்பதில்லை.