கிருமிகளின் பாடபேதம்

நான் பார்க்கும் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு விடை சொல்லிச் சமாளிப்பது என் வழக்கம். உறவினர்களிடம் கணினி வேலை என்பேன். மருத்துவர்களிடம், பொதுச் சுகாதார நுண்ணுயிரியல் ஆய்வகமொன்றில் உயிரித்தகவலியலாளன் என்பேன். இலக்கிய வாசகர்களிடம் மட்டுமே உண்மைக்கு மிக அருகிலான விடையைச் சொல்ல முடிகிறது: நான் கிருமிகளின் பாடபேதம் பார்க்கிறவன்.

ஏட்டுச்சுவடிகளைப் படியெடுத்தவர்கள் பிழை செய்தார்கள். ஒருவர் செய்த பிழையை, அவருடைய ஏட்டைப் பார்த்து எழுதியவரும் அப்படியே எழுதினார். எனவே இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்பட்டால், அவ்விரண்டும் ஒரே மூலத்தின் வழிவந்தவை என்று பதிப்பாசிரியர் ஊகிக்கிறார். பாக்டீரியாவும் ஒன்று இரண்டாகப் பிரியும்போதெல்லாம் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கிறது. நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட பனுவல் அது. எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடுகிறது. மாறிய எழுத்து அதன் சந்ததிக்கெல்லாம் போய்ச் சேர்கிறது. நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளின் பனுவல்களை வரிசையாக வைத்து, மாறிய எழுத்துகளைக் கொண்டு அவற்றின் வம்சாவளியை மரமாக வரைவதே என் அன்றாடப் பணி.

இந்த ஒப்புமை வெறும் அலங்காரம் அன்று. 1998இல் ஆங்கிலக் கவிஞர் சாசரின் காண்டர்பரி கதைகளில் ஒரு பகுதிக்கு எஞ்சியிருக்கும் 58 பழைய கையெழுத்துப் பிரதிகளை எடுத்துக்கொண்டு, உயிரினங்களின் பரிணாம மரத்தை வரையும் கணினி நிரல்களைக் கொண்டே அவற்றின் வம்சாவளியை வரைந்தார்கள். சுவடிக்கும் கிருமிக்கும் ஒரே கணக்கு பொருந்துகிறது.

இதனால் மக்களுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். காசநோயை எடுத்துக்கொள்வோம். அக்கிருமியின் பனுவல் ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகள் கொண்டது. சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு ஓர் எழுத்து மாறுகிறது. இருவரிடம் கண்ட கிருமிகள் ஐந்து எழுத்துகளுக்குள் வேறுபட்டால் அண்மையில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். பன்னிரண்டுக்கு மேல் போனால் வாய்ப்பு மிகக் குறைவு. ஒரே வீட்டில் இருவருக்கு நோய் வந்தது தற்செயலா, தொற்றா என்பதை இப்போது ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது. உணவு வழியே பரவும் சால்மொனெல்லாவுக்கு இங்கிலாந்தில் 2014இலிருந்தும், அமெரிக்க ஆய்வகங்களின் கூட்டமைப்பான பல்ஸ்நெட்டில் 2019இலிருந்தும் முழு மரபணுத்தொகுதியை வாசிப்பதே வழக்கமான சோதனை ஆகிவிட்டது. கொரோனா ஆண்டுகளுக்குப் பிறகு வாசிக்கும் இயந்திரங்கள் எங்கும் பெருகிவிட்டன.

இங்கேதான் எனக்கு ஒரு கவலை. வாசிக்கும் இயந்திரம் கைக்கு வந்ததும், வாசித்ததே தீர்ப்பு என்ற மயக்கமும் கூடவே வந்துவிடுகிறது. மரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கிளைகளில் இரண்டு பெயர்களைக் கண்டால் இவரிடமிருந்து அவருக்கு என்று சொல்லத் துடிக்கிறோம். மரம் அதைச் சொல்வதில்லை. இடையில் மாதிரி எடுக்கப்படாத மூன்றாமவர் ஒருவர் இருந்திருக்கலாம். அவரிடமிருந்து இருவருக்கும் வந்திருக்கலாம். காணாமற்போன ஏடுகளைப் பற்றிப் பதிப்பாசிரியருக்கு உள்ள எச்சரிக்கை நமக்கும் வேண்டும்.

2011இல் ஜெர்மனியில் நடந்தது இதற்கு நல்ல பாடம். அந்த மே மாதத்தில் குருதியுடன் கூடிய வயிற்றுப்போக்கும் சிறுநீரகச் செயலிழப்பும் திடீரெனப் பரவின. மே 26 அன்று ஹாம்பர்க் நகரச் சுகாதாரத் துறை, ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காய்களில் இ.கோலை கிருமி இருப்பதாக அறிவித்தது. கிருமி இருந்தது உண்மைதான். ஆனால் நோயாளிகளிடம் இருந்த வகை அதுவன்று. சில நாட்களிலேயே அது தெளிவானது. அதற்குள் ஸ்பெயின் காய்கறிகளை வாங்க ஆளில்லாமல் போயிற்று. பிழையான அறிவிப்பும் அச்சமும் சேர்ந்து பல நாட்டு விவசாயிகளைச் சாய்த்ததால், ஐரோப்பிய ஒன்றியம் 20 கோடி யூரோவுக்கு மேல் இழப்பீடு தர நேர்ந்தது.

ஜூன் 2 அன்று அக்கிருமியின் மரபணு வாசிப்பைச் சீன நிறுவனமொன்று ஹாம்பர்க் மருத்துவர்களுடன் சேர்ந்து இணையத்தில் பொதுவில் வைத்தது. ஒரு நாளுக்குள் வெவ்வேறு நாடுகளில் இருந்த உயிரித்தகவலியலாளர்கள் துண்டுகளைக் கோத்துப் படிக்கத் தொடங்கினார்கள். குடற்சுவரில் அடையாய் ஒட்டிக்கொள்ளும் ஓர் இ.கோலை வகை, வைரஸ் ஒன்றின் வழியாக ஷிகா நச்சின் மரபணுவைப் பெற்றிருக்கிறது என்பது விளங்கியது. நோய் ஏன் இவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு அதில் ஒரு விடை கிடைத்தது. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் இன்றும் பெருமையோடு நினைவுகூரும் நாட்கள் அவை.

ஆனால் அந்த வாசிப்பில் எந்த இடத்திலும் எந்த உணவு என்று எழுதியிருக்கவில்லை. அதைக் கண்டுபிடித்தவர்கள் கேள்வி கேட்டவர்கள். நோயாளிகளிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது முளைகட்டிய பயிரைக் குறிப்பிட்டவர்கள் சிலரே. தட்டின் மேல் தூவிய நாலு முளையை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? எனவே ஒரே உணவகத்தில் உண்ட குழுக்களைத் தேடிப்பிடித்து, யார் எந்த உணவை வரவழைத்தார் என்று அறிந்து, அவ்வுணவில் என்னென்ன சேர்த்தீர்கள் என்று சமையற்காரரிடம் கேட்டார்கள். நோயாளியின் நினைவு கைவிட்ட இடத்தில் சமையற்குறிப்பு கைகொடுத்தது. ஜூன் 10 அன்று முளைகளே காரணம் என்று அறிவித்தார்கள். பிரான்சில் போர்தோ நகரை ஒட்டி அதே வகைக் கிருமியால் நோய் தோன்றவே, இரு நாடுகளுக்கும் பொதுவான விதையைத் தேடிப் போனார்கள். எகிப்திலிருந்து வந்த வெந்தய மூட்டைகளே பெரும்பாலும் காரணமாக இருக்கலாம் என்று ஜூலையில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. அந்த வெந்தயத்தில் கிருமியை எவரும் கண்டுபிடிக்கவில்லை. அதற்குள் ஜெர்மனியில் 3,800க்கும் மேற்பட்டோர் நோயுற்று, 50க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர்.

எனக்கும் ஒரு சிறிய பாடம் கிடைத்ததுண்டு. ஒருமுறை ஒரு மருத்துவமனையின் ஒரே பிரிவிலிருந்து வந்த இரண்டு மாதிரிகளில் ஓர் எழுத்துகூட வேறுபாடில்லை. பிரிவுக்குள்ளேயே தொற்று நடந்திருக்கிறது என்று அறிக்கையும் எழுதிவிட்டேன். அனுப்புவதற்கு முன், ஏதோ உறுத்தலில், மாதிரிகளைப் பதிவு செய்யும் மூத்த அம்மையாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இரண்டும் ஒரே நோயாளியுடையவை தம்பி, எண்தான் வேறு” என்றார். அறிக்கை போயிருந்தால் அப்பிரிவின் செவிலியர் எவராவது, கையைச் சரியாகக் கழுவவில்லை என்ற பழியைச் சுமந்திருப்பார். என் நிரலில் பிழையேதும் இல்லை, கணக்கும் சரி. எனக்குத் தெரியாத ஒரே செய்தி அந்தப் பேரேட்டில் இருந்தது.

ஆகவே என் கருத்து இதுதான். இயந்திரம் வாங்கத் தரும் முக்கியத்துவத்தில் ஒரு பங்கையாவது, மாதிரி எங்கே, எப்போது, யாரிடம் எடுக்கப்பட்டது என்று எழுதிவைப்பவருக்கும், வீடுவீடாகச் சென்று கேள்வி கேட்பவருக்கும் தரவேண்டும். இடமும் தேதியும் இல்லாத மரபணுத்தொகுதி, ஊரும் பேரும் இல்லாத சுவடியைப் போன்றது. படிக்கலாம், பயன்படுத்துவது கடினம். உயிரித்தகவலியலாளரைத் தனி அறையில் கோப்புகளோடு விட்டுவிடாமல், களத்துக்குச் செல்பவரின் பக்கத்து நாற்காலியில் உட்கார வைக்கவேண்டும். அவரை இரண்டாண்டுத் திட்ட நிதியில் அமர்த்தி, நிதி தீர்ந்ததும் அனுப்பிவிடும் வழக்கமும் போகவேண்டும். அப்படிப் போகிறவரோடு, எந்த மாதிரியை எதனால் நம்பக்கூடாது என்ற அறிவும் போய்விடுகிறது. எழுதிய நிரலைப் பராமரிக்கவும் ஆளிருப்பதில்லை.

இதைப் படிக்கும் இளைஞர் எவருக்கேனும் இவ்வேலையில் நாட்டமிருந்தால் தயங்காமல் வரலாம். உயிரியலும் நிரலெழுத்தும் கொஞ்சம் தெரிந்தால் மற்றவற்றைக் கற்றுக்கொள்ளலாம். கற்கக் கடினமானது ஒன்றுதான்: தன் மரத்தைத் தானே சந்தேகிப்பது. ‘இப்பாடம் ஐயத்திற்குரியது’ என்று அடிக்குறிப்பு எழுத நல்ல பதிப்பாசிரியர்கள் வெட்கப்படுவதில்லை. நம் அறிக்கைகளிலும் அப்படி ஒரு வரிக்கு இடமிருக்கட்டும். அந்த வரி எழுதப்படாத நாளில், எங்கோ ஒரு வெள்ளரித் தோட்டக்காரரோ ஒரு செவிலியரோ அதற்கு விலை கொடுக்க நேரும்.