கல்லூரி மாணவர்களுக்கு மது விற்பதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கல்லூரி மாணவர்களின் பெற்றோர் சங்கத்தார்,
பாலவனத்தம், அருப்புக்கோட்டை வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
விருதுநகர் மாவட்டம்.

பொருள்: 21 வயது நிரம்பாதோருக்கு மது விற்பனை – தடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

மழையை நம்பி மல்லியும் பருத்தியும் விதைத்தும், கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டும், அருப்புக்கோட்டைத் தறிகளில் வேலை பார்த்தும் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறவர்கள் நாங்கள். பல வீடுகளில் அந்தப் பிள்ளைதான் முதல் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் ஜமீன்தாராக இருந்த ஊர் எங்களுடையது என்று வெளியூரில் பெருமை பேசுவோம். இன்று கண்மாய்க் கரைக்குப் போனால், கருவேல மரத்தடியில் காலி குவாட்டர் பாட்டில், பிளாஸ்டிக் தம்ளர், கிழித்துப் போட்ட தண்ணீர் பாக்கெட். பக்கத்தில் கல்லூரிப் பை.

“குவாட்டர்தானே” என்கிறார்கள் பையன்கள். 180 மில்லி பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம், எடைக்கணக்கில் சுமார் 60 கிராம். ஒரே நேரத்தில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதையே மிதமிஞ்சிய குடி என உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. ஆக, அந்தச் சின்னப் பாட்டிலைத் தனியாகக் காலி செய்தாலே எல்லை வந்துவிடுகிறது. அதையும் பஸ் வருவதற்குள் மளமளவென்று ஊற்றிக்கொள்கிறார்கள். சிலர் அப்படியே பைக்கை எடுக்கிறார்கள். வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம்தான். ஒல்லியான பையனுக்கு ஒரு குவாட்டர் அதைப் பல மடங்கு தாண்டிவிடும்.

நாங்கள் புதுச் சட்டம் கேட்கவில்லை. 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது இருக்கிற விதி. இளநிலை மாணவர்களில் பெரும்பாலோர் அந்த வயதைத் தொடாதவர்கள். வயதுச் சான்று பார்த்த பிறகே பாட்டில் தர வேண்டும் என்று பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வழித்தடத்து மதுக்கடைகளுக்குக் கண்டிப்பாக உத்தரவிட வேண்டும். சான்று கேட்கும் விற்பனையாளர் தகராறில் அடிவாங்காமல் இருக்க, மாலை நேரத்தில் போலீஸ் ரோந்தும் தேவை. அவரும் எங்களைப் போல் கூலிக்கு நிற்கிறவர்தான். மதுக்கடை மூடியிருக்கும் நேரத்தில், பகல் 12 மணிக்கு முன்பும் இரவு 10 மணிக்குப் பின்பும், சந்துக்கடையில் விற்பவர்கள் வயதையா கேட்கப் போகிறார்கள்? அந்தச் சந்துக்கடைகளை முற்றிலும் ஒழிக்க வேண்டும்.

குடித்து அகப்பட்ட மாணவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்புவதைக் கல்லூரிகள் கைவிட வேண்டும். அனுப்பப்பட்டவன் திருந்தியதைவிடக் கரிமூட்டத்துக்கு வந்து சேர்ந்ததே அதிகம். அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாளாவது மனநல மருத்துவர் இந்தப் பிள்ளைகளைத் தனியாகப் பார்க்க ஏற்பாடு வேண்டும். போதை மீட்பு உதவி எண் 14446 பேருந்துகளிலும் கல்லூரிகளிலும் கண்ணில் படும்படி எழுதப்பட வேண்டும்.

தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் அரசு மாதம் 1000 ரூபாய் தருகிறது. அது மதுக்கடைக்குப் போகாமல் புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் ஆகட்டும்.

அடுத்த மாணவர் சேர்க்கை தொடங்குமுன் நடவடிக்கை எடுத்து, அதன் விவரத்தை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் பொறுப்பாளர்களும் உறுப்பினர்களும்