முள்ளின் மேல் பழி போடும் முன்

பழைய அம்பாசடரிலோ பிரீமியர் பத்மினியிலோ டெம்பரேச்சர் முள் வழக்கத்துக்கு மாறாக ஏறினால், நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. "மீட்டர் தப்பாக் காட்டுது, கண்டுக்காதீங்க" என்று சொல்லி வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். அல்லது தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டு, ரேடியேட்டரையும் இறக்கிவிடுகிறார்கள். இரண்டும் எதையும் அளந்து பார்க்காமல் எடுக்கும் முடிவுகள். மீட்டர் தப்பு என்பதைச் சோதித்து உறுதிசெய்யாமல் அதை ஒதுக்கவும் கூடாது, அது சரி என்பதை உறுதிசெய்யாமல் இன்ஜினில் கை வைக்கவும் கூடாது என்பதே என் வாதம். புது வண்டிக்காரர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் போகலாம். பழைய வண்டிக்காரர் அப்படி இருக்க முடியாது. சென்னையை ஒட்டிய வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்று பல பத்தாண்டுகள் ஆகின்றன. அம்பாசடர் தயாரிப்பும் 2014-ல் முடிந்துவிட்டது. சூட்டில் சிலிண்டர் ஹெட் வளைந்துபோனால், செஞ்சிப் பக்கத்து அனந்தபுரத்துக்காரர் செஞ்சியிலும் திண்டிவனத்திலும் தேடி அலுத்து, கடைசியில் சென்னை புதுப்பேட்டைக்குத்தான் போக வேண்டும். அங்கும் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அளப்பது கடினமான வேலையும் இல்லை. பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த பல பழைய கார்களில் இந்த ஏற்பாடு மூன்றே துண்டுகள்தான்: இன்ஜினில் திருகியிருக்கும் சென்சார், டேஷ்போர்டில் மீட்டர், மீட்டருக்குப் பின்னால் சுமார் 10 வோல்ட் அளவுக்கு மின்சாரத்தை நிலைப்படுத்தும் சின்னப் பெட்டி. சூடு ஏற ஏற சென்சாரின் மின்தடை குறையும், மின்னோட்டம் கூடும், முள் ஏறும். இது புரிந்துவிட்டால் முள்ளின் நடத்தையே பாதி வழியைக் காட்டிவிடும். குளிர்ந்த இன்ஜினில் சாவியைத் திருப்பியதுமே முள் உச்சிக்குப் போகிறதா? சென்சார் ஒயர் எங்கோ பாடியில் உரசி எர்த் ஆகிறது என்று சந்தேகிக்கலாம். முள் அசையவே இல்லையா? சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றி ஒரு கணம் மட்டும் இன்ஜினில் தொட்டுப் பார்க்க வேண்டும். முள் எழுந்தால் மீட்டரும் ஒயரும் நலம், கோளாறு சென்சாரில். பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தாற்போல் அதிகம் காட்டினால், இரண்டுக்கும் பொதுவான அந்தப் பெட்டியைத்தான் பார்க்க வேண்டும். அதன் உடம்பே அதற்கு எர்த். பொருத்திய இடத்தில் துரு பிடித்தாலோ, டேஷ்போர்டுக்குப் பெயின்ட் அடித்தவர் அந்த இடத்தையும் சேர்த்து அடித்துவிட்டாலோ, 10 வோல்ட்டுக்குப் பதில் பேட்டரியின் முழு அழுத்தமும் மீட்டருக்குப் போகும். உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்த்தால் தீரும் பிரச்சினைக்காக ரேடியேட்டரை இறக்கிய பட்டறைகள் எத்தனையோ!

சென்சாரைச் சோதிக்க அடுப்பும் பாத்திரமும் ஒரு தெர்மாமீட்டரும் ஒரு மல்டிமீட்டரும் போதும். தண்ணீரில் சென்சாரின் முனையை முக்கி, சூடேற்றிக்கொண்டே ஓம் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பல நூறு ஓமில் தொடங்கி, கொதிநிலையை நெருங்கும்போது சில பத்து ஓமுக்குச் சீராக இறங்குவது வழக்கம். இங்கேதான் இன்று அதிகம் ஏமாறுகிறோம். மரை ஒன்றாக இருக்கிறது என்பதற்காக வேறு வண்டியின் சென்சாரை மாட்டிவிடுகிறார்கள். மரை சேர்ந்தால் போதாது, அந்த மீட்டருக்கான மின்தடை வரிசையும் சேர வேண்டும். சேராவிட்டால் பொருள் புதிதாக இருந்தும் காட்டும் அளவு பொய்யாகவே இருக்கும். கசியாமல் இருக்க மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினாலும் எர்த் பலவீனப்பட்டு முள் தாழ்ந்து நிற்கும். கடின நீரான போர் தண்ணீரையே ஊற்றி வந்தால் சென்சார் முனையில் உப்புப் படிந்து, முள் தாமதமாக ஏறும்.

தாழ்ந்து நிற்கும் முள்தான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. ஏறினால் எவரும் பயந்து வண்டியை ஓரங்கட்டுவார்கள். இறங்கினால் நிம்மதியாக ஓட்டுவார்கள். ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுதும் போய்விட்டால் சென்சார் நீரில் இல்லாமல் காற்றில் நிற்கும். உள்ளே இன்ஜின் கருகிக்கொண்டிருக்க, முள் மட்டும் கீழே இறங்கலாம். நெடுஞ்சாலையில் முள் சட்டென்று விழுந்தாலும் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும்.

அனுபவமுள்ள மெக்கானிக்குக் கையும் காதும் போதும் என்பார்கள். அந்த அனுபவத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் 85 டிகிரிக்கும் 105 டிகிரிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தொட்டுச் சொல்ல எந்தக் கையாலும் முடியாது, இரண்டுமே சுடும். கொதித்தால் தெரிந்துவிடும் என்பதும் சரியில்லை. 7 பவுண்டு அழுத்த மூடி போட்ட ரேடியேட்டரில் தண்ணீர் ஏறத்தாழ 110 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். நம் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்பது அடுத்த வாதம். கத்திரி வெயிலிலும் வெளியே 40 டிகிரிதான். தெர்மோஸ்டாட் 80 டிகிரிக்கு மேல்தான் திறக்கிறது. திறந்தபின் அது தண்ணீரைப் பெரிதாக மறிப்பதில்லை. அதை எடுத்துவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நெடுநேரம் பிடிக்கும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கிக் கசடு சேரும், சிலிண்டர் சுவரும் தேயும். அதைக் கழற்றியதும் முள் இறங்குவதைப் பார்த்து "சரியாயிடுச்சு" என்று சொல்லிவிடலாம். அடைத்துக்கொண்ட ரேடியேட்டர் அடைத்துக்கொண்டேதான் இருக்கும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, சில நூறு ரூபாய்க்குப் புது மீட்டர் மாட்டிவிடலாமே என்ற கேள்வியில் நியாயம் உண்டு. தினமும் சவாரிக்கு ஓடும் வண்டியென்றால் மாட்டட்டும், அதற்கே உரிய சென்சாரோடு. பாதுகாக்க நினைக்கும் வண்டியென்றால் கதை வேறு. ஒன்றிய அரசு 2021-ல் கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைத் தாண்டி, பெரிய மாற்றமின்றி அசல் நிலையில் இருக்கும் வண்டிகளுக்குத்தான் விண்டேஜ் பதிவு. ஒரு மீட்டரால் அந்தத் தகுதி போய்விடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்படி ஒவ்வொன்றாக மாற்றி மாற்றித்தான் பல வண்டிகள் தங்கள் அசலை இழந்தன. வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்று கேட்கலாம். எந்தப் பாகத்தைக் கழற்றும் முன்பும் சென்சார் எத்தனை டிகிரியில் எத்தனை ஓம் காட்டியது, மீட்டருக்கு எத்தனை வோல்ட் வந்தது என்ற எண்களைப் பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். அரசு ஐ.டி.ஐ.-யில் மோட்டார் மெக்கானிக் படித்து வரும் பையன்களுக்கு மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும். பட்டறையில் அவர்களிடம் ஸ்பேனரோடு அதையும் கொடுக்க வேண்டும்.