பேய்க்கணவாயும் பாட்டில் கார்க்கும்

ஆக்டோபஸ்னாலே ரப்பர் மாதிரி இருக்கும்னு ஒரு கோஷ்டி சொல்லிக்கிட்டே இருக்கு. அவங்க மேல தப்பில்லை மக்களே. யாரோ அவசரமா சமைச்சதை அவங்க தட்டுல போட்டிருக்காங்க, அவ்வளவுதான். பொறுமையா சமைச்சா இதை விட எளிமையான கடல் சாப்பாடு கிடையாது என்பது என் கட்சி. மசாலாவும் வேணாம், வித்தையும் வேணாம்.

நம்ம கடற்கரைப் பக்கம் கணவாய் மூணு விதம். உள்ளே கண்ணாடி மாதிரி மெல்லிசா ஒரு தண்டு இருந்தா ஊசிக்கணவாய். வெள்ளை ஓடு இருந்தா ஓட்டுக்கணவாய் (கிளிக்கூண்டுல சொருகி வைப்பாங்களே, அந்த ஓடுதான்). ரெண்டும் இல்லாம எட்டுக் கையோட கிடந்தா பேய்க்கணவாய். இதுதான் ஆக்டோபஸ். பேரே இப்படி வெச்சா யாருய்யா வாங்குவா? முதல் ரெண்டையும் கிலோ கணக்குல வாங்குற ஆளுங்க இதைப் பார்த்ததும் அடுத்த கூடைக்கு நகர்ந்துடறாங்க. இழுவை மடியில சிக்குறதுல நிறைய உறைய வெச்சு வெளிநாட்டுக்குக் கப்பலேறிடுது. அங்கே அதை ஆலிவ் எண்ணெய் விட்டு ரசிச்சு சாப்பிடறான்.

சரி, ஏன் ரப்பர் ஆகுது? மீன் தசையில கொலாஜன் கம்மி, சீக்கிரம் வெந்துடும். ஆக்டோபஸுக்கு எலும்பே கிடையாது. எட்டுக் கையும் வெறும் தசையை வெச்சே வளையணும், பிடிக்கணும், பாறையைப் புரட்டணும். அதனால நார் குறுக்கும் நெடுக்குமா ஓடும், கொலாஜனும் அதிகம். சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டுல அந்தக் கொலாஜன் சுருங்கி, உள்ளே இருக்கிற தண்ணியைப் பிழிஞ்சு வெளியே தள்ளும். அந்த நேரத்துல அடுப்பை அணைச்சா செருப்புதான். அதையே 90 டிகிரி பக்கத்துல சிறு தீயில விட்டு வெச்சா, சுருங்கின அதே கொலாஜன் உருகி ஜெலட்டின் ஆயிடும். ஆட்டுக்கால் பாயா எப்படி வருதோ அதே கதை.

இந்த ஒரு விஷயம் புரியாமத்தான் உலகம் முழுக்க வித்தை காட்டறாங்க. கிரீஸ்ல பாறையில போட்டு அடிப்பாங்க. ஜப்பான்ல முள்ளங்கித் துருவலை வெச்சுத் தேய்ப்பாங்க. ஸ்பெயின்ல கலீசியா பக்கம் கொதிக்கிற தண்ணியில மூணு தடவை முக்கி முக்கி எடுப்பாங்க. இத்தாலிக்காரங்க ஒயின் பாட்டில் கார்க்கை பானைக்குள்ள போடுவாங்க! 2008ல ஹரால்ட் மெக்கீங்கிற சமையல் அறிவியல் எழுத்தாளர் இதையெல்லாம் பத்தி நியூயார்க் டைம்ஸ்ல எழுதினார். கார்க்கை மறந்துடுங்க என்பதுதான் கட்டுரையோட சாரம். அடிக்கறதுல மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கு, நார் உடையும். ஆனா அந்த வேலையை ஃப்ரீசரே செஞ்சுடும். ரெண்டு நாள் உறைய வெச்சு, கீழ்த்தட்டுல வெச்சு மெதுவா இளக விட்டா போதும்.

இனி சமையல். ஒரு கிலோ பேய்க்கணவாய். தலைப் பையை உள்வெளியா திருப்பி குடலையும் மைப்பையையும் வெட்டி எறிங்க. கண் இருக்கிற பகுதியை அறுத்து எடுங்க. எட்டுக் கையும் சேருற நடுவுல கிளி மூக்கு மாதிரி ஒரு அலகு இருக்கும், பின்னாடி இருந்து விரலால அழுத்தினா வெளியே வந்துடும். கல் உப்பு போட்டு நல்லா தேய்ச்சு வழவழப்பு போகக் கழுவுங்க. உறிஞ்சிகள்ல மணல் இருக்கும், கவனம்.

அடி கனமான பாத்திரத்துல அப்படியே முழுசா வெச்சு மூடுங்க. தண்ணி ஊத்தாதீங்க, அதுவே விடும். உப்பும் போடாதீங்க, கடல் உப்பு அது உடம்புலயே இருக்கு. சிறு தீயில முக்கால் மணி நேரம் விட்டுட்டு, கை தலையோட சேருற தடிச்ச இடத்துல கத்தியால குத்திப் பாருங்க. வழுக்கிட்டு இறங்கினா முடிஞ்சுது. இல்லைன்னா இன்னும் பத்து பதினஞ்சு நிமிஷம். வெந்த தண்ணியிலேயே ஆற விடுங்க. அப்புறம் துண்டு போட்டு, சூடான தோசைக்கல்லுல நல்லெண்ணெய், நசுக்கின பூண்டு, மிளகு, கறிவேப்பிலையோட ரெண்டு நிமிஷம் புரட்டி எலுமிச்சை பிழிஞ்சா போதும். தங்கமணிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: கிலோ வாங்கினா தட்டுக்கு வர்றது பாதி தான், பாக்கியெல்லாம் தண்ணியா போயிடும். என்னைச் சந்தேகப்படக் கூடாது :)

இஞ்சி பூண்டு விழுது, தேங்காய், கரம் மசாலான்னு கொட்டணும்கிறவங்களோட எனக்குச் சண்டை இருக்கு. வேகாததை மறைக்கத்தான் அவ்வளவு மசாலா தேவைப்படுது. வெந்தது தானே இனிக்கும்.

கடைசியா ஒரு சங்கடமான விஷயம். இந்தப் பிராணிக்கு மூணு இதயம், சுமார் 50 கோடி நரம்பணு. அதுல மூணுல ரெண்டு பங்கு கைகள்ல இருக்கு. ஜாடி மூடியைத் திருகித் திறக்கும், ஆள் அடையாளம் வெச்சுக்கும். பெண் ஆக்டோபஸ் வாழ்க்கையில ஒரே தடவை முட்டை போட்டு, சாப்பிடாம காவல் காத்து, செத்தும் போயிடும். இதுகளுக்கு வலி தெரியும்னு 2021ல லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் அறிக்கை கொடுத்த பிறகு, 2022ல பிரிட்டன் தன் விலங்கு நலச் சட்டத்துலயே சேர்த்துடுச்சு. இதைப் பண்ணையில வளர்க்கக் கூடாதுன்னு அமெரிக்காவுல வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலங்கள் 2024ல சட்டம் போட்டாங்க.

அப்புறம் எதுக்குய்யா திங்கறேன்னு கேப்பீங்க. ஆடும் கோழியும் திங்கறவன் நான், திடீர்னு புத்தர் வேஷம் கட்ட முடியாது. ஆனா கணக்கு ஒண்ணு வெச்சிருக்கேன். எப்பவாவதுதான் சாப்பிடணும். உயிரோட கொதிதண்ணியில போடற வேலையே வேணாம். முக்கியமா, வாங்கினதை வீணாக்கக் கூடாது. பத்து நிமிஷ அவசரத்துல ரப்பராக்கி குப்பையில கொட்டறது இருக்கே, அதுதான் எனக்குத் தெரிஞ்சு பெரிய பாவம். ஒரு உயிருக்கு முக்கால் மணி நேரம் கூட கொடுக்க முடியாதவங்க ஊசிக்கணவாயோட நிறுத்திக்கலாம், அது ரெண்டு நிமிஷத்துலயே வெந்துடும்.

டிஸ்கி: உடம்புல பளபளன்னு நீல வளையம் இருக்கிற குட்டி ஆக்டோபஸைத் தொடவே தொடாதீங்க. அதோட விஷம் சமைச்சாலும் போகாது. உங்க ஊர்ல பேய்க்கணவாய்க்கு வேற பேர் இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.