பொத்தானுக்குப் பொருள் தருவது எது

டிஜே கலை பழகுவோரிடமும் அவர்களுக்குக் கருவி விற்போரிடமும் ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சுழல்தட்டும் குமிழ்களும் பொத்தான்களும் பதித்த கன்ட்ரோலர் என்னும் கட்டுப்பாட்டுப் பலகை, தன் அட்டைப்பெட்டியில் எந்த மென்பொருளின் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதற்கு மட்டுமே உரியது என்றும், வேறொரு மென்பொருளுடன் இணைத்தவுடன் சரியாக இயங்காவிட்டால் கருவிதான் மட்டமானது என்றும், எந்தப் பொத்தானுக்கு எந்த வேலை என்று வகுக்கும் மேப்பிங் நிரலாளருக்கு உரியதே தவிர இசைஞருக்கு உரியதன்று என்றும் அது கிளை விரிக்கிறது. இந்த நம்பிக்கை பிழையானது. நல்ல நிலையிலுள்ள கருவிகளைப் பரணுக்கும் குப்பைக்கும் அனுப்புவதாலும், கலைஞரைத் தம் கைக்கருவிக்கே அந்நியராக்குவதாலும் அது தீங்கானதும்கூட.

இந்தக் கருவிகள் பேசும் மிடி என்னும் மொழி பிறந்ததே இத்தகைய பூட்டை உடைப்பதற்காகத்தான். அதற்கு முன்பு மின்னணு இசைக்கருவி செய்த நிறுவனங்கள் தத்தம் இணைப்பு முறைகளைக் கையாண்டதால், ஒருவரின் விசைப்பலகையைக் கொண்டு மற்றவரின் கருவியை இயக்குவது கடினமாக இருந்தது. அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இகுதாரோ காகேஹாஷியும் முன்னின்று பொதுமொழி ஒன்றை உருவாக்க, 1983 ஜனவரியில் ‘நாம்’ (NAMM) என்னும் இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் ஒரு நிறுவனத்தின் புரோஃபெட்-600 கருவியும் மற்றதன் ஜூப்பிட்டர்-6 கருவியும் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டு இயக்கிக் காட்டப்பட்டன. அவ்விருவருக்கும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. போட்டி நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காகவே அமைந்த மொழியைப் பேசும் ஒரு பலகையை ஒரே மென்பொருளின் உடைமையாகக் கருதுவது, அந்த மொழியின் நோக்கத்தையே தலைகீழாக்குவதாகும்.

அந்த மொழியின் எளிமையை அறிந்தவர் கருவியைக் குறை சொல்லத் தயங்குவார். பொத்தான் ஒன்றை அழுத்தும்போது கருவி பெரும்பாலும் மூன்று எண்களை மட்டுமே அனுப்புகிறது. 144, 11, 127 என்று வந்தால், முதல் எண் முதலாம் தடத்தில் ஓர் அழுத்தம் நிகழ்ந்ததையும், இரண்டாவது எண் எந்தப் பொத்தான் என்பதையும், மூன்றாவது எண் எவ்வளவு விசையுடன் என்பதையும் சொல்கின்றன. இவற்றுள் பாட்டும் இல்லை, ஒலியும் இல்லை, ‘ஓடு’ என்ற கட்டளைகூட இல்லை. பொத்தானின் மேல் முக்கோணக் குறி அச்சிடப்பட்டிருந்தாலும், அந்த மூன்று எண்களைப் பாட்டைத் தொடங்கும் ஆணையாகக் கொள்வதா, குரலை அடக்கும் ஆணையாகக் கொள்வதா என்பதை முடிவு செய்வது கணினியிலுள்ள மேப்பிங் கோப்பே ஆகும்.

‘கருவி மட்டம்’ என்ற தீர்ப்பு மிகுதியாகப் பிறக்கும் இரண்டு இடங்கள் விரிவாக ஆராயத்தக்கவை. முதலாவது, பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஃபேடர். மிடியின் சாதாரணச் செய்தி 0 முதல் 127 வரையிலான மதிப்புகளையே தாங்கும் என்பதால், கூட்டவும் குறைக்கவும் தலா 8 விழுக்காடு இடம் தரும் ஃபேடரில் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 0.126 விழுக்காடாகிறது. விரும்பிய வேகம் இரண்டு படிகளுக்கு நடுவே விழுந்தால், அரைப்படிப் பிழையே இரண்டு நிமிடத்தில் சுமார் 75 மில்லி வினாடி விலகலாக வளர்ந்து, இரு பாட்டுகளின் தாள அடிகளும் ஒன்றாக விழாமல் இரட்டை அடியாகக் கேட்கின்றன. இதைக் கேட்டவர் மிடி தாளத்துக்கு ஒவ்வாது என்று முடிவுகட்டுகிறார். ஆனால் 0 முதல் 31 வரையுள்ள கட்டுப்பாட்டு எண்கள் ஒவ்வொன்றுக்கும் 32 முதல் 63 வரையுள்ள வரிசையில் நுண்மதிப்பைச் சுமக்கும் துணை எண்ணொன்றை மிடி விதிமுறை வகுத்துள்ளது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் 16,384 மதிப்புகள் கிடைக்க, அதே பிழை ஒரு மில்லி வினாடிக்கும் கீழே இறங்குகிறது. பல கருவிகள் இந்த இரட்டைச் செய்தியை ஒழுங்காக அனுப்பிக்கொண்டே இருக்க, மேப்பிங் அவற்றுள் ஒன்றை மட்டும் படித்து மற்றதைப் புறக்கணிக்கிறது.

இரண்டாவது, ஜாக் வீல் என்னும் சுழல்தட்டு. அதற்குத் தொடக்கமும் முடிவும் இல்லாததால், அது நிற்கும் இடத்தைச் சொல்லாமல் நகர்ந்த அளவை மட்டுமே சொல்கிறது. சில கருவிகள் 64ஐ நடுவாகக் கொண்டு முன்னே ஒரு படிக்கு 65, பின்னே ஒரு படிக்கு 63 என அனுப்ப, வேறு சில முன்னே 1, பின்னே 127 என அனுப்புகின்றன. இரண்டாம் வகைக் கருவியை முதல் வகையாகப் படிக்கும் மென்பொருளுக்கு, முன்னே ஒரு படி நகர்ந்தது பின்னே 63 படிகளாகவும், பின்னே ஒரு படி நகர்ந்தது முன்னே 63 படிகளாகவும் தோன்றும். விரல் பட்டதும் பாட்டு எதிர்த்திசையில் தாவுகிறது என்ற புகாரோடு திருப்பி அனுப்பப்படும் தட்டு, உண்மையில் தன் நகர்வைப் பிசகாமல் சொன்ன தட்டாகவே இருக்கக்கூடும்.

விளக்குகளின் செய்தியும் இதுதான்: பல கருவிகளில் மென்பொருள் திரும்பிச் செய்தி அனுப்பினால்தான் பொத்தான் ஒளிரும். அழுத்தியதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையிலான தாமதத்துக்கும் பெரும்பாலும் ஒலி அட்டையின் அமைப்பே காரணம், ஏனெனில் நொடிக்கு 44,100 மாதிரிகள் ஓடும் ஒலியில் 512 மாதிரிகளைச் சேமித்து வைத்து அனுப்புவதற்கே 11 மில்லி வினாடிக்கு மேல் ஆகிறது. பழைய மிடி கம்பியிலோ மூன்று எண்கள் கொண்ட செய்தி ஒரு மில்லி வினாடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. சில கருவிகள் மிடியைப் பேசாமல், விசைப்பலகைக்கும் சுட்டெலிக்கும் உரிய எச்ஐடி என்னும் முறையைக் கையாளுகின்றன. அவற்றுக்கு எளிய மேப்பிங் போதாது. சில மென்பொருள்கள் குறிப்பிட்ட கருவி இணைந்தால் மட்டுமே முழு வசதியையும் திறக்கின்றன. ஆனால் பின்னது வணிகர் போட்ட பூட்டு. அதைக் கருவியின் இயல்பாக எண்ணிக்கொள்வதுதான் இங்கே கண்டிக்கப்படும் மயக்கம்.

அந்த மயக்கத்தின் விலையை வெஸ்டாக்ஸ் நிறுவனத்தின் கதை காட்டுகிறது. விசிஐ-100 என்னும் கன்ட்ரோலரால் பெயர்பெற்ற அந்த ஜப்பானிய நிறுவனம் 2014இல் நொடித்துப்போனது. பெட்டியில் அச்சான பெயர்தான் கருவியின் ஆயுள் என்றால், அந்த நிறுவனத்தின் கருவிகள் அத்தனையும் அன்றே மடிந்திருக்க வேண்டும். ஆனால் மிக்ஸ் என்ற திறந்தமூல டிஜே மென்பொருளில், விசிஐ-100க்கான மேப்பிங் எக்ஸ்எம்எல் கோப்பாக, எவரும் திறந்து படிக்கவும் திருத்தவும் கூடியதாக இருக்கிறது.

மேப்பிங் இசைஞரின் வேலையன்று என்ற வாதமோ டிஜே கலையின் வரலாற்றையே மறந்து பேசப்படுவது. இரு பாட்டுகளுக்கிடையே ஒலியை மாற்றும் கிராஸ்ஃபேடரை இடம்வலம் மாற்றி இயக்கும் ஸ்க்ராட்ச் பாணிக்கு ஹாம்ஸ்டர் பாணி என்று பெயர். புல்லட் ப்ரூஃப் ஸ்க்ராட்ச் ஹாம்ஸ்டர்ஸ் என்ற குழுவின் பெயரால் அது வழங்குகிறது. ஃபேடரின் எந்த முனை எந்த இசைத்தட்டைக் குறிக்க வேண்டும் என்பதைத் தொழிற்சாலையிடம் விடாமல், தம் மணிக்கட்டுக்கு எது இயல்போ அதற்கேற்ப அந்தக் கலைஞர்கள் தாமே முடிவு செய்தனர். அதன் பிறகு மிக்சர் செய்வோர், அந்தத் திசையை மாற்றுவதற்கென்றே ஒரு விசையைத் தங்கள் பலகைகளில் பொருத்தத் தொடங்கினர்.